ஜூன் முப்பதும் சேர்த்தியா?

2024 ஜூன் நடுவில் ஒரு மத்தியானம். பண்ணைக்காடு பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை. வெளியே சாரல். காப்பித் தோட்டத்தில் வேலையை முடித்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். திருப்பூரில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை, முப்பதாம் தேதி. பிள்ளைகள் கொடைக்கானல் ஏரியைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம்.

"ஏம்மா, பாஸு முப்பதாம் தேதி வரைக்கும்னு சொல்றாங்களே. முப்பதும் சேர்த்தியா, இல்ல இருபத்தொம்பதோட சரியா?"

"முப்பது வரைக்கும்னுதான்க்கா போட்டிருக்கு."

"அதத்தாம்மா நானும் கேக்குறேன். வரைக்கும்னா முப்பது உண்டா, இல்லையா?"

கடையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "எதுக்கும் ஒண்ணு போட்டு வச்சிருவோம்க்கா. இருந்தா நஷ்டமா?" என்றார். அந்த அம்மாவும் சரி என்று தலையாட்டினார்.

நான் ஆதார் அட்டை நகல் எடுக்கப் பக்கத்தில் நின்றிருந்தேன். நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். கொடுத்த ஒரு தேதி இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டு வரிகளை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த இரண்டு வரியில் எத்தனை பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள், எவ்வளவு வாதாடியிருக்கிறார்கள்! அவ்வளவு வாதத்தின் முதல் கேள்வியைப் பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போயிராத ஒருவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்.

சங்கதி இதுதான். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கோடை விடுமுறையில் வந்து குவியும் வண்டிகளைப் பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் என்.சதீஷ்குமார், டி.பரத சக்கரவர்த்தி அமர்வு 2024 ஏப்ரல் 29 அன்று ஓர் உத்தரவு போட்டது. மே 7 முதல் ஜூன் 30 வரை, வெளியூர் வண்டிகள் இந்த இரண்டு மலைகளுக்கும் ஏற வேண்டுமானால் இ-பாஸ் வேண்டும். கொரோனா காலத்தில் நமக்குப் பழகிய அதே இ-பாஸ்தான். உள்ளூர்க்காரர்களுக்கு வேண்டாம், அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து டம் டம் பாறை, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை என்று வளைந்து வளைந்து ஏறும் சாலையில், ஊருக்குள் நுழையுமுன் வெள்ளி நீர்வீழ்ச்சி சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பாஸைப் பார்த்தார்கள்.

எத்தனை வண்டி தினமும் ஏறுகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் மலை எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியும் என்பது அதன் நியாயம். அது நல்ல நியாயம் என்றே நினைக்கிறேன். இங்கே நான் பேச வந்தது அந்த உத்தரவில் இருக்கும் இரண்டு தேதிகளைப் பற்றி. ஒரு மனிதர் படித்தால் ஒரே நொடியில் புரிகிற 'மே 7 முதல் ஜூன் 30 வரை' என்பதை ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க என்னென்ன வேண்டியிருக்கிறது? இனி வரும் உதாரணங்கள் எல்லாம் நானே எழுதிப் பார்த்த ஒரு மாதிரி நிரலைப் பற்றியவை. அரசுத் தளத்தின் நிரலைப் பற்றியவை அல்ல.

எல்லை என்பதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: வரம்பு. வயலின் வரப்பும் அதுதான், கணக்கின் எல்லையும் அதுதான். வயலுக்கு வரப்பு போடுகிறவருக்கு ஒரு விஷயம் தெரியும். வரப்புக்கே ஓர் அகலம் உண்டு. அந்த அரை அடி மண் யாருடையது என்பதில்தான் பங்காளிச் சண்டை வரும். தேதியிலும் அப்படித்தான். ஜூன் 30 என்பது ஒரு கோடு அன்று, 24 மணி நேர அகலமுள்ள வரப்பு. நிரலில் முடிவு என்று '30 ஜூன் 2024' எனக் கொடுத்தால், பல மொழிகளும் தரவுத்தளங்களும் அதை '30 ஜூன், இரவு 12 மணி 0 நிமிடம்' என்று எடுத்துக்கொள்ளும். அதாவது அந்த நாள் பிறக்கும் நொடி. பிறகு வண்டி சுங்கச்சாவடிக்கு வரும் நேரத்தோடு ஒப்பிடும். முப்பதாம் தேதி காலை 10 மணி என்பது அந்த நொடிக்குப் பிந்தியது. ஆகவே 'எல்லை தாண்டியது' என்று பதில் வரும். அந்த அம்மாவின் தம்பி வரும் நாள் முழுதும், நள்ளிரவின் ஒரே ஒரு நொடியைத் தவிர, கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று முடிவை 'ஜூன் 30, இரவு 11 மணி 59 நிமிடம் 59 நொடி' என்று போடுகிறவர்கள் உண்டு. நானும் போட்டிருக்கிறேன். வேலை செய்யும், ஆனால் ஓட்டையை அடைக்கவில்லை, சுருக்கியிருக்கிறது. கடைசி அந்த ஒரு நொடிக்குள் ஆயிரம் மில்லிநொடிகள் இருக்கின்றன. அதற்குள் பதிவாகும் ஒரு விண்ணப்பம் எந்த நாளிலும் சேராமல் தொங்கும்.

சுத்தமான வழி வேறொன்று. முடிவு நாளைச் சொல்லாமல், முடிவுக்கு மறுநாளைச் சொல்வது. மே 7 பிறக்கும் நொடியிலிருந்து, ஜூலை 1 பிறக்கும் நொடிக்கு முன்பு வரை. தொடக்கம் சேர்த்தி, முடிவு சேர்த்தி இல்லை. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மூடிய இடைவெளி, திறந்த இடைவெளி என்று படித்திருப்போமே, இது ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்த இடைவெளி. டச்சு நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் கையால் எழுதிய சிறு குறிப்பு ஒன்றில், எண்களின் வரிசையைக் குறிக்க நான்கு விதம் இருந்தாலும் இந்த விதமே மேல் என்று வாதிட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கு நேரடியாக உதவும். இரண்டு எல்லைகளைக் கழித்தாலே நீளம் கிடைத்துவிடும்.

கழித்துப் பாருங்கள். மே 7 முதல் ஜூன் 30 வரை எத்தனை நாள்? மேயில் 25, ஜூனில் 30, ஆக 55. ஆனால் நிரலில் ஜூன் 30-இலிருந்து மே 7-ஐக் கழித்தால் 54 வரும். வேலிக்குக் கல் நட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. பத்து இடைவெளி விட்டு வேலி போட வேண்டுமானால் பதினொரு கல் வாங்க வேண்டும். ஜூலை 1-இலிருந்து மே 7-ஐக் கழித்தால் நேராக 55. அதோடு, அடுத்த கட்டம் ஜூலை 1-இல் தொடங்குவதாக இருந்தால், முதல் இடைவெளியின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே நொடி. நடுவில் விடுபடுவதும் இல்லை, இரண்டிலும் விழுவதும் இல்லை.

ஆனால் மனிதர்களுக்குப் போடும் அறிவிப்பில் 'ஜூலை 1-க்கு முன்பு வரை' என்று எழுதினால் குழப்பம்தான் கூடும். அதற்கும் நம் மொழியில் வழி உண்டு. பழைய அரசாணைகளையும் கணக்குப் பேரேடுகளையும் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்: '7.5.2024 முதல் 30.6.2024 முடிய' என்று எழுதுவார்கள். 'வரை' என்று சொன்னால் முப்பது தொடங்கும் வரையா, தீரும் வரையா என்று கேட்க இடமிருக்கிறது. 'முடிய' என்றால் அந்த நாளும் முடிய. கேள்விக்கே இடமில்லை. குமாஸ்தாக்கள் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்த சொல் அது. ஆங்கிலத்தில் இதற்காகச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 9-ஆம் பிரிவு சொல்கிறது: நாள்களின் வரிசையில் முதல் நாளை விலக்க 'ஃப்ரம்' என்று எழுதினால் போதும், கடைசி நாளைச் சேர்க்க 'டு' என்று எழுதினால் போதும். நாம் 'முதல்' என்றால் அந்த நாளைச் சேர்த்துத்தான் சொல்கிறோம். அந்தச் சட்டத்தின் 'ஃப்ரம்' விலக்கிவிடுகிறது. சட்டம் படித்தவர் ஒருவரும் நிரல் எழுதுகிறவர் ஒருவரும் ஒரே வாக்கியத்தைப் படித்து ஒரு நாள் வித்தியாசத்தில் நிற்க இதுவே போதும்.

எல்லைக்கு அடுத்து எழுத்து. 07/05/2024 என்று ஒரு பெட்டியில் எழுதியிருக்கிறது. நமக்கு அது மே 7. அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கும் நிரலுக்கு அது ஜூலை 5. பாஸ் தொடங்கிய முதல் நாளே எல்லைக்கு வெளியே போய்விட்டது. பாஸ் கிடையாது என்று சொல்லிவிடும். இதுவாவது பரவாயில்லை, ஆள் சண்டை போடுவார், தவறு வெளியே வரும். இதன் மறுபக்கம்தான் பயமாக இருக்கும். 06/05/2024, அதாவது மே 6, எல்லைக்கு ஒரு நாள் முந்தியது, தள்ளப்பட வேண்டியது. மாற்றிப் படித்தால் ஜூன் 5. எல்லைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. 20/05 என்று கொடுத்துச் சோதித்தால் இந்தக் கோளாறு இந்த உருவில் தலைகாட்டாது. 20 என்று ஒரு மாதம் இல்லாததால் நிரல் நேராகப் பிழை என்று நின்றுவிடலாம், அல்லது தானே திருப்பிப் போட்டுச் சரியாகப் படித்துவிடலாம். மாதத்தின் முதல் 12 நாள்களில் மட்டும் ஊமையாக இருந்து கடிக்கிற பிழை இது.

தேதியைத் தேதியாக மாற்றாமல் வெறும் எழுத்தாகவே ஒப்பிடும் நிரல்கள் இன்னும் மோசம். எழுத்தை ஒப்பிடுவது அகராதி வரிசையில் நடக்கும், இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக. தொடக்கம் '07-05-2024', முடிவு '30-06-2024' என்று வையுங்கள். '03-06-2024' கொடுத்தால், 03 என்பது 07-க்கு முன்னால் வருவதால் 'இன்னும் தொடங்கவில்லை' என்று தள்ளிவிடும். ஜூன் 3 என்பது சீசன் நடுவில் இருக்கிறது! '15-01-1998' கொடுத்தால்? 15 என்பது 07-க்கும் 30-க்கும் நடுவில். எல்லாம் சரி, போகலாம். கால் நூற்றாண்டுக்கு முந்தைய தை மாதத்துக்குப் பாஸ் கொடுத்துவிடும். இதனால்தான் ஆண்டை முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என்று 2024-05-07 போல எழுதும் முறையை 1988-இல் ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமாக வைத்தார்கள். பெரிய அலகு முன்னால் வருவதால் அகராதி வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். விலாசத்தில் மாவட்டத்தை முதலில் எழுதி, பிறகு தாலுகா, ஊர், தெரு என்று இறங்கிவருவது மாதிரி.

அடுத்தது, நான் நேரில் பட்டது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அலுவலகத்துக்கு விடுமுறை விண்ணப்பம் வாங்கும் நிரல் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் சோதித்தாயிற்று. ஒரே ஒருவருக்கு மட்டும், தொடக்க நாளைத் தேர்ந்தெடுத்தால் 'இந்தத் தேதி அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு முந்தியது' என்று வந்தது. திரையில் பார்த்தால் சரியான தேதி. சர்வரில் பார்த்தால் ஒரு நாள் குறைவு. இரண்டு இரவு கண் விழித்தேன். காரணம் கிடைத்தபோது சிரிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. பண்ணைக்காட்டில் மே 7 பிறக்கும் நள்ளிரவில், உலகப் பொது நேரப்படி இன்னும் மே 6 மாலை 6 மணி 30 நிமிடம். போனில் மே 7 என்று தொடுகிறோம். பிரவுசர் அதை 'உள்ளூர் நேரம் மே 7 நள்ளிரவு' என்று வைத்துக்கொள்கிறது. சர்வருக்கு அனுப்பும்போது உலகப் பொது நேரமாக மாற்றி அனுப்புகிறது: மே 6, 18:30. வாங்கிய சர்வர் நேரத்தை வெட்டியெறிந்துவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மே 6! எல்லைக்கு வெளியே. அந்தப் பக்கம் போனால், எல்லை கடந்த ஜூலை 1 ஜூன் 30-ஆக மாறி உள்ளே வந்துவிடுகிறது. மொத்த வரப்பும் ஒரு நாள் தள்ளி நிற்கிறது. என் விண்ணப்பத்தில் மற்றவர்கள் எல்லாரும் நடுவில் இருக்கும் நாள்களைக் கேட்டார்கள். அவர்களுக்கும் ஒரு நாள் தவறாகத்தான் பதிவானது. எல்லையில் நின்ற ஒருவர் மட்டுமே அதை வெளியே கொண்டுவந்தார்.

மருந்து எளிது. பிறந்த நாள், பாஸ் நாள், விடுமுறை நாள் போன்றவற்றுக்கு நேரமே கிடையாது. அவற்றை ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்களாகவே வைத்துக்கொள்ள வேண்டும், நேரமாக மாற்றவே கூடாது. நொடி முக்கியமென்றால் மட்டும் நேரம். அப்போது எந்த ஊர் நேரம் என்பதும் கூடவே வர வேண்டும்.

எந்த ஊர் நேரம் என்ற கேள்வி இந்த மலைக்கு மிகப் பழையது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் சென்னை ஆய்வகத்திலிருந்து இங்கே வந்தது. அந்தக் காலத்தில் இந்திய ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906 ஜனவரி 1 முதல்தான் ஐந்தரை மணி நேரம் என்ற இந்தியப் பொது நேரம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இலிருந்து 1945 வரை கடிகாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். இலங்கையில் 1996-இல் நேரத்தை மாற்றி, 2006-இல்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பினார்கள். பழைய பதிவுகளின் மேல் எல்லை வைத்துத் தேடுகிற நிரல் இத்தனையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நல்லவேளையாக உலகெங்கும் உள்ள நேர மாற்றங்களைத் தொகுத்து வைத்த தரவுத்தொகுதி ஒன்று பெரும்பாலான இயங்குதளங்களில் இருக்கிறது. அதில் நம் பெயர் 'ஏசியா, கொல்கத்தா'.

வானியலாளர்கள் இந்தத் தொல்லையிலிருந்து வேறு விதமாகத் தப்பினார்கள். ஆண்டும் மாதமும் வேண்டாம், நாள்களை மட்டும் எண்ணிக்கொண்டே போவோம் என்று வைத்தார்கள். அது ஜூலியன் நாள் எண். 2000 ஜனவரி 1 நண்பகலில் அது 24,51,545. நாள் நள்ளிரவில் மாறாமல் நண்பகலில் மாறும், இரவு முழுக்க வானத்தைப் பார்ப்பவருக்குப் பாதியில் தேதி மாறக் கூடாது என்பதற்காக. பொது நேர நண்பகல் நமக்கு மாலை ஐந்தரை. ஆகவே சூரியனைப் பார்க்கிற கொடைக்கானலுக்கும் அது பொருந்திவிட்டது: காலையில் எடுத்த படமும் மதியம் எடுத்த படமும் ஒரே எண்ணில் அடங்கும். எண்ணாக இருந்தால் எல்லை பார்ப்பதும் வெறும் பெரிது சிறிது பார்ப்பதுதான்.

எண் இல்லாமல் மாதமும் நாளுமாக வைத்திருந்தால், எல்லை பார்க்குமுன் இன்னொன்றும் பார்த்தாக வேண்டும். அப்படியொரு நாள் உண்டா? ஜூன் 31 என்று ஒருவர் எழுதுகிறார். சில மொழிகள் 'அப்படி ஒரு நாள் இல்லை' என்று சொல்லாமல், தாமாகவே ஜூலை 1 என்று உருட்டிவிடும். பிறகு நிரல் 'ஜூலை 1-க்குப் பாஸ் தேவையில்லை' என்கிறது. நான் ஜூலை என்று எழுதவே இல்லையே என்று அவர் விழிப்பார். தமிழ் மாதங்களைக் கையாளும் நிரல் எழுதினால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனிக்கும் ஆடிக்கும் 32 நாள் வருவதுண்டு, மார்கழி 29-இலேயே முடிவதுண்டு. சமோவாத் தீவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே விடியவில்லை. தேதிக்கோட்டின் மறுபக்கம் தாண்டுவதற்காக 29-இலிருந்து நேராக 31-க்குப் போனார்கள். ஆங்கிலேயர் 1752 செப்டம்பரில் 2-ஆம் தேதிக்கு மறுநாளை 14 என்று வைத்தார்கள். அதற்கு முன்பு வரை, சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் எழுதும் தேதிக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் எழுதும் தேதிக்கும் 11 நாள் வித்தியாசம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான். அந்தக் காலத்துக் கடிதங்களை 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி முடிய' என்று தேடித் தொகுக்கிறவர், எழுதியவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எல்லையை வைக்க முடியும்.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். கொடுத்த தேதி எல்லைக்கு வெளியே இருக்கிறது. நிரல் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வழி உண்டு. ஒன்று, மறுப்பது. மற்றது, இழுத்து வரப்பில் நிறுத்துவது. தொடக்கத்தையும் கொடுத்த நாளையும் ஒப்பிட்டு, பிந்தியதை எடு. அதையும் முடிவையும் ஒப்பிட்டு, முந்தியதை எடு. அவ்வளவுதான். மே 3 கொடுத்தால் மே 7 வரும். ஜூலை 4 கொடுத்தால் ஜூன் 30 வரும். மே 20 கொடுத்தால் மே 20 அப்படியே வரும். ஒரே வரியில் எழுதிவிடலாம். பிழைச் செய்தி தேவையில்லை, எதுவும் நின்றுபோகாது. எழுதுகிறவருக்கு ரொம்பவே பிடிக்கும்.

இது நன்றாகப் பொருந்தும் இடங்கள் உண்டு. கொடைக்கானல் ஆய்வகம் 1904-இலிருந்து சூரியனைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறது. ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதும் இங்கேதான். அந்தப் படங்களைப் புரட்டிப் பார்க்க ஒரு திரை செய்கிறோம் என்று வையுங்கள். கீழே ஒரு பட்டை, விரலால் இழுத்தால் ஆண்டு நகரும். இடப்பக்கம் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் முதல் படத்தில் வந்து நிற்க வேண்டும், 1890-க்குப் போய் வெறுமையைக் காட்டக் கூடாது. இங்கே இழுத்து நிறுத்துவதுதான் சரி. கூலிக் கணக்கிலும் அப்படியே. தோட்டத்தில் ஒருவர் மே 12 முதல் ஜூன் 9 முடிய வேலை செய்தார். மே மாதச் சம்பளம் எத்தனை நாளுக்கு? இரண்டு தொடக்கங்களில் பிந்தியது மே 12. இரண்டு முடிவுகளில் முந்தியது மே 31. இருபது நாள். இரண்டு இடைவெளிகள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் வேலை செய்த காலம் ஜூலை 3 முதல் ஜூலை 6 முடிய என்று இருந்தால், ஜூன் கணக்குக்குத் தொடக்கம் ஜூலை 3, முடிவு ஜூன் 30 என்று வரும். தொடக்கம் முடிவுக்குப் பின்னால்! அதாவது பொதுவான நாளே இல்லை. அதைப் பார்க்காமல் விட்டால் மைனஸ் 2 நாள் சம்பளம் என்று சீட்டு அச்சாகும்.

பாஸ் விண்ணப்பத்தில் இதே இழுப்பைச் செய்தால் என்ன ஆகும்? ஒரு குடும்பம் ஜூலை 4-க்கு விண்ணப்பிக்கிறது. நிரல் சத்தமில்லாமல் ஜூன் 30-க்குப் பாஸ் கொடுக்கிறது. பச்சை எழுத்தில் 'வெற்றிகரமாகப் பதிவானது' என்று வருகிறது. அவர்கள் தேதியை மறுபடி படிக்கவில்லை. யார்தான் படிப்பார்கள்? மலையேறி, பிள்ளைகள் வாந்தியெடுத்து, வெள்ளி நீர்வீழ்ச்சியில் வந்து நிற்கும்போதுதான் கையில் இருப்பது வேறு நாளின் பாஸ் என்று தெரிகிறது. அங்கே நிற்கும் ஊழியரும் பொறுப்பில்லை, அந்தக் குடும்பமும் பொறுப்பில்லை. ஒரு மனிதர் தன் வாயால் சொன்ன தேதியை அவரைக் கேட்காமல் மாற்றுவது நிரல் எழுதுகிறவருக்கு இல்லாத உரிமை. திரையில் நகரும் பட்டையை இழுத்து நிறுத்தலாம், ஆளின் வார்த்தையை இழுக்கக் கூடாது. மறுக்கும்போதும் 'தவறான தேதி' என்று மொட்டையாகச் சொல்வது போதாது. அவர் தேதி தவறில்லையே! 'நீங்கள் கேட்டது ஜூலை 4, வியாழன். பாஸ் ஜூன் 30 முடிய மட்டும். அந்த நாளும் உண்டு' என்று சொல்ல மூன்று வாக்கியம் போதும்.

எது எந்தத் தேதி என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். சென்னையிலிருந்து ராத்திரி 9 மணிக்குக் கிளம்புகிறவர் விடிந்தபின்தான் டம் டம் பாறையைப் பார்ப்பார். 'பயணத் தேதி' என்று மட்டும் இருந்தால் கிளம்பும் நாளை எழுதுவார். 'கொடைக்கானலுக்குள் நுழையும் நாள்' என்று பெட்டியின் மேல் எழுதிவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

பிரவுசரில் காலண்டரைத் திறந்தால் எல்லைக்கு வெளியே உள்ள நாள்கள் மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். பெட்டிக்குக் குறைந்தபட்ச நாள், அதிகபட்ச நாள் என்று இரண்டு எழுதினால் பிரவுசரே இதைச் செய்துவிடும். நல்ல வசதி. ஆனால் அது சாலையோரப் பலகை மாதிரி. தெரிந்தவர் பலகையைத் தாண்டிப் போய்விடலாம். சர்வரில் இன்னொரு முறை பார்ப்பதுதான் சுங்கச்சாவடி. இரண்டும் வேண்டும், இரண்டும் ஒரே எல்லையைச் சொல்லவும் வேண்டும்.

ஏனென்றால் எல்லையே நகரும். அந்த ஜூன் முடிவதற்குள் இ-பாஸ் முறை செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. அது தீரும் நாளில் 'மறு உத்தரவு வரும் வரை' என்று ஆனது. நிரலுக்குள் எங்கெங்கோ ஜூன் 30 என்று எழுதி வைத்தவர்கள் ஒவ்வோர் இடமாகத் தேடித் திருத்த வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனால் பலகை ஒன்று சொல்லும், சாவடி ஒன்று சொல்லும். எல்லையை நிரலுக்கு வெளியே ஓர் அட்டவணையில் ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஓர் ஊழியரே மாற்றிவிடலாம். 'மறு உத்தரவு வரும் வரை' என்பதற்கு என்ன தேதி எழுதுவது? 31-12-9999 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. முடிவு இல்லை என்பதை வெற்றிடமாக விட்டு, 'வெற்றிடமென்றால் முடிவைப் பார்க்காதே' என்று நிரலிடம் சொல்வதே நேர்மை.

2025 மார்ச் 13-இல் வந்த உத்தரவு இன்னொரு படி மேலே போனது. ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி. நீலகிரிக்கு 6,000, 8,000. அதன்படி தேதி எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. அது என்ன கிழமை, அன்றைக்கு எத்தனை பாஸ் போயாயிற்று என்றும் பார்க்க வேண்டும். வரப்புக்குள்தான் நிற்கிறோம், ஆனால் பாத்தி நிறைந்துவிட்டது. கடைசி ஓர் இடம் மிச்சமிருக்கும்போது இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால் யாருக்கு என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

எல்லை பார்க்கும் நிரலைச் சோதிக்க நான் இப்போது நடுவில் இருக்கும் நாள்களைக் கொடுப்பதே இல்லை. மே 6, மே 7, ஜூன் 30, ஜூலை 1. பிறகு ஜூன் 30 இரவு 11 மணி 59 நிமிடத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைத்து ஒரு முறை, அதிகாலை 5 மணி 29-க்கு ஒரு முறை, 5 மணி 31-க்கு ஒரு முறை. கடைசி இரண்டும் ஏன் என்று கேட்பவர்களுக்கு: உலகப் பொது நேரத்தில் தேதி மாறுவது நமக்கு விடியற்காலை ஐந்தரைக்கு.

அன்றைக்கு நகல் எடுத்து முடித்தபின் அந்தக் கடைப் பெண்ணிடம், முப்பதாம் தேதிக்கும் பாஸ் வேண்டும், உத்தரவு அந்த நாள் முடிய என்று சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் 'இ-பாஸ்: மே 7 முதல் ஜூன் 30 முடிய' என்று பெரிதாக எழுதினார். கொஞ்சம் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே சின்னதாக '30-ம் உண்டு' என்று சேர்த்து, கண்ணாடிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். கொங்காணியைச் சரிசெய்துகொண்டு வெளியே கிளம்பிய அந்த அம்மா, கதவருகே நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.